கதவைப் பார்த்த நாற்காலி

மகளின் கால்விரல்கள் ஊறியிருந்தன.

பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், காலுறை மாட்டிவிடுவதற்காக அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்தபோதுதான் அது தாயின் கண்ணில் பட்டது. ஐந்து விரல்களின் நுனியும் வெளுத்து, வரிவரியாகச் சுருங்கி, வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவைபோல இருந்தன. மகள் இன்னும் குளித்திருக்கவில்லை. படுக்கையிலிருந்து நேராக எழுந்து வந்தவள். அவள் மகளின் கைவிரல்களைத் திருப்பிப் பார்த்தாள். அவை காய்ந்து, நகத்தடியில் கிரேயான் மெழுகோடு வழக்கம்போல இருந்தன. மற்றப் பாதமும் காய்ந்தே இருந்தது. வலது பாதம் மட்டும். அதிலும் விரல்கள் மட்டும்.

"தண்ணில விளையாடினியா?"

"இல்லையே."

"பின்ன என்ன இது?"

மகள் தன் காலை அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள். "தெரியலம்மா" என்றாள்.

காலுறையை ஏற்றும்போது ஒரு வாடை எழுந்தது. புளித்த பாலின் வாடைக்கு அடியில் வேறொன்று, வெதுவெதுப்பாக, சற்றே இனிப்பாக. தொழில் நிமித்தம் அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்த வாடை. வாயின் வாடை.

அவள் பல்செட் செய்பவள். நோயாளிகளின் வாயில் மருத்துவர்கள் எடுக்கும் அச்சுகள், சில சமயம் எச்சில்கூடக் காயாமல், அவள் மேசைக்கு வந்து சேரும். கழுவி, கரைத்த ஜிப்சம் மாவு ஊற்றி, மெழுகு கட்டி, பல் பதித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பிறர் வாயை அருவருக்கிறவர்கள் அந்த வேலைக்கூடத்தில் ஒரு வாரம் தாங்கமாட்டார்கள். அவள் திருமணத்திற்கு முன்பிருந்தே தாங்கி வருகிறாள். இருந்தும், பெற்ற மகளின் காலிலிருந்து எழுந்த அந்த வாடையை அவளால் தாங்க முடியவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு மீண்டும் கழுவினாள். மகள் கதவருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை மகள் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. மாதக்கணக்கில் அவர்கள் வேண்டிக் காத்திருந்த நல்ல செய்தி அதுதான். எனவே மற்றதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மகளுக்குத் தனியாக உறங்க வராது. விளக்கை அணைத்தால் அழுகை. அழுகை ஓய்ந்தால் கேள்வி. கேள்வி தீர்ந்தால் தாகம். தாகம் தீர்ந்தால் மறுபடியும் அழுகை. தாயின் முழங்கையைப் பற்றிக்கொண்டால் மட்டும் கண் மூடுவாள், கையை உருவினால் விழித்துவிடுவாள். வகுப்பில் மேசைமேல் கவிழ்ந்து உறங்குவதாக ஆசிரியை அழைத்துச் சொன்னார். வேலைக்கூடத்தில் பல்லைத் தேய்க்கும் இயந்திரத்தின்மேல் தூங்கி விழுந்து தாயும் தன் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டாள். குழந்தைகளின் மனநலம் பார்க்கும் மருத்துவருக்காகக் காத்திருப்போரின் வரிசை அடுத்த ஆண்டுவரை நீண்டிருந்தது. அதுவரை இதைச் செய்யுங்கள் என்று அவர்களுடைய கைப்பேசிக்கு ஓர் இணையப் பயிற்சி வந்து சேர்ந்தது.

அந்தப் பயிற்சியில் குழந்தைக்கு வேலையே இல்லை. படங்களைப் பார்ப்பவர்கள் பெற்றோர். பாடங்களைச் செய்பவர்கள் பெற்றோர். வாரந்தோறும் ஒரு பயிற்சியாளர் தொலைபேசியில் பேசுவதும் பெற்றோரிடம்தான். குழந்தையை அவர்கள் பார்க்கமாட்டார்கள். பெற்றோர் மாறினால் குழந்தை மாறும் என்பது அவர்களுடைய கொள்கை.

"தூங்காதது வாலு. டியூஷன் நமக்கா?" என்று சிரித்தான் கணவன். மகளை அவன் வாலு என்றுதான் கூப்பிடுவான். "நல்ல ஸ்கூலா இருக்கே. எனக்கு எட்டாங்கிளாஸ்லயே இப்படி ஒண்ணு கிடைச்சிருந்தா அப்பாவை அனுப்பிட்டு நான் விளையாடப் போயிருப்பேன்."

"நீங்களும் வீடியோ பாக்கணுமாம்."

"நீ பாத்து எனக்குச் சொல்லு. அவளைக் கெடுத்து வச்சிருக்கறது நீதானே."

அவன் அதை விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை, ஏனெனில் அவளும் உள்ளூர அதையே நம்பினாள்.

பயிற்சியாளர் இளம் பெண். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அந்தக் குரலில் எப்போதும் ஒரு கனிவான சிரிப்பு தங்கியிருந்தது. விதிகளை அவள் பொறுமையாக விளக்கினாள். கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி. சில நாள்களுக்கு ஒருமுறை அதைக் கதவை நோக்கிச் சிறிது தள்ளிப் போட வேண்டும். இறுதியில் அது அறைக்கு வெளியே போய்விட வேண்டும்.

"முக்கியமான விஷயம் மேடம், நாற்காலி கதவைப் பார்த்து இருக்கணும். உங்க முதுகுதான் அவளுக்குத் தெரியணும். நீங்க அவளைப் பாத்தா அவ உங்களைப் பாப்பா, அப்புறம் எங்க தூங்கறது? நீங்க அங்க இருக்கணும், ஆனா அவ கைக்குக் கிடைக்கக் கூடாது. நீங்களே ஒரு நாற்காலின்னு நினைச்சுக்குங்க."

"கூப்பிட்டா?"

"ஒரே வாக்கியம். ஒரே குரல். கொஞ்சம் ஏத்தி இறக்கிச் சொன்னாலும் அதைப் பிடிச்சுக்குவா. நீங்களே ஒரு வாக்கியம் முடிவு பண்ணுங்க."

அவள் முடிவுசெய்த வாக்கியம் இதுதான்: நான் இங்கதான் இருக்கேன். நீ தைரியமானவ. தூங்கு.

முதல் நாள் இரவு அவள் கட்டிலுக்கு முதுகு காட்டி, இடது பாதத்தை வலது பாதத்தின்மேல் வைத்து, கைகளை மடியில் கோத்து, சாத்திய கதவின் வண்ணப்பூச்சில் தூரிகை விட்டுப்போன ஒற்றை மயிரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து மகள் சொன்னாள்:

"அம்மா, ஜன்னல்கிட்ட யாரோ நிக்கறாங்க."

அது பழைய புகார். விளக்கைப் போட்டுத் திரையை விலக்கிக் காட்டி, அலமாரியைத் திறந்து காட்டி, கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவிக் காட்டி, எல்லாம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. பயத்தை மறுப்பதும் அதற்குத் தீனி போடுவதுதான் என்று இப்போது கற்றிருந்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன். நீ தைரியமானவ. தூங்கு."

"அம்மா, நிஜமா. நீ திரும்பிப் பாரேன்."

"நான் இங்கதான் இருக்கேன். நீ தைரியமானவ. தூங்கு."

எத்தனை முறை சொன்னாளோ, அத்தனை முறையும் ஒரே குரலில் சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு கைத்தொழில் திருப்தியும் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த பற்களைப்போல, ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாத வாக்கியங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் எவரும் எளிதில் மனப்பாடம் செய்துவிடலாம்.

நாற்காலி கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நகர்ந்தது. அங்கிருந்து அறையின் நடுவுக்கு. மகளின் புகாரும் நகர்ந்தது.

"நீ தள்ளிப் போனா அவங்க கிட்ட வர்றாங்கம்மா."

இதைக் கேட்டுப் பயிற்சியாளர் மகிழ்ந்து போனாள். "பேரம் பேசறா, பாத்தீங்களா! புத்திசாலிப் பொண்ணு. பேரம் ஆரம்பிச்சுட்டான்னா நம்ம வேலை பலிக்குதுன்னு அர்த்தம். இந்தக் கட்டத்துலதான் நிறைய பேர் பாதியில விட்டுடறாங்க. நீங்க விடமாட்டீங்க, எனக்குத் தெரியும்."

விடவில்லை. அறையின் நடுவில் உட்கார்ந்த நாள்களில்தான் பின்னால் அந்த ஓசை தொடங்கியது. முதலில் துணி உரசுவதைப்போல, பிறகு யாரோ கையையும் முழங்காலையும் மாறிமாறித் தரையில் ஊன்றுவதைப்போல. அதன்பின் மகளின் மூச்சு ஒருமுறை தடுமாறி நிற்கும். நின்ற மூச்சு நீளமாக வெளியேறும்போது, அதனூடே ஈரமான, மெதுவான, தாளம் பிசகாத ஓர் உறிஞ்சல் கேட்கும், பால்குடி மறவாத குழந்தை அரைத்தூக்கத்தில் செய்வதைப்போல. விரல் சூப்புகிறாள் என்று அவள் நினைத்தாள். ஏழு வயதில் விரல் சூப்புவதா என்ற எரிச்சலும், சூப்பியாவது உறங்கட்டுமே என்ற ஆறுதலும் ஒன்றாக வந்தன. திரும்பிப் பார்க்கக் கழுத்து தினவெடுத்தது. திரும்பவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் பாதி வேலை.

அந்த நாள்களில் ஒன்றில்தான் கால்விரல்கள் ஊறியிருந்தன.

அதன்பின் பாதம் முழுவதும் ஊறியது. மகளின் தலைமயிர் காலையில் ஒரு பக்கமாகப் படிந்து, விறைத்து, சீப்புக்கு மசியாமல் கிடந்தது. கோதும்போது விரலில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியது. வியர்வை என்று கணவன் சொன்னான். வியர்வைக்கு அந்த வாடை கிடையாது. தலையணை உறையை அவள் இரண்டு விரல்நுனியால் பிடித்துக் கொண்டுபோய்த் துவைக்கும் இயந்திரத்தில் போட்டாள். மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டால், தாயின் உடல் அவளறியாமலே ஒரு நொடி விறைத்தது. மகளும் அதை அறிந்தாள். குழந்தைகளுக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. சில நாள்களில் ஓடி வருவதை அவளே நிறுத்திக்கொண்டாள்.

நாற்காலியைக் கதவருகே தள்ளிப் போட வேண்டிய இரவு வந்தபோது, தாய்க்குத் துயரம் வரவில்லை. விடுதலையாக இருந்தது. அந்தக் கட்டிலிலிருந்து, அந்த வெதுவெதுப்பிலிருந்து, இன்னும் சிறிது தூரம்.

மறுநாள் காலை மகளின் கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம் இருந்தது. காலுறையின் ரப்பர் பதித்த தடம்போல. ஆனால் அவள் காலுறை அணிந்து படுக்கவில்லை. பள்ளம் முன்பக்கம் அரைவட்டமாகவும், குதிகால் பக்கம் இன்னோர் அரைவட்டமாகவும் இருந்தது. காயம் இல்லை, கன்றல் இல்லை, தோல் மட்டும் பளபளவென்று, நக்கித் துடைத்த தட்டைப்போல இருந்தது. குதிரைலாட வடிவம். காலையிலிருந்து மாலைவரை அவள் கையில் புழங்கும் வடிவம் அது.

மகள் இன்னும் உறங்கிக்கொண்டிருந்தாள். வேலைக்கூடத்திலிருந்து எப்போதோ கைப்பையில் வந்துவிட்ட அச்சுப்பசை வீட்டில் இருந்தது. குளியலறையில் அதைக் குழைத்து எடுத்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கணுக்காலின்மேல் அப்பினாள். இறுகும்வரை சுவரைப் பார்த்தாள். உரித்து எடுத்தபோது தோலின் பள்ளம் பசையில் மேடாகப் பதிந்திருந்தது. அந்த மேடு, பள்ளத்தை உண்டாக்கியதன் வடிவம்.

வேலைக்கூடத்தில் மூத்தவர் ஒருவர் உண்டு. புருவத்தில் எந்நேரமும் மாவு ஒட்டியிருப்பதால் எல்லாருக்கும் அவர் மாவண்ணன். அவள் மேசைமேல் கிடந்த அச்சை எடுத்து விளக்கருகே பிடித்தார்.

"யாரு வாய் தங்கச்சி இது?"

"ஒருத்தரோடது. பல் இல்லாதவர்."

"இல்லாதவரா?" அவர் கட்டைவிரலால் அந்த மேட்டைத் தடவினார். "விழுந்த ஈறு எப்படி இருக்கும்? தேஞ்சு, கத்தி மாதிரி இருக்கும். இதப் பாரு, கொழுகொழுன்னு உருண்டு நிக்குது. இது பல்லு விழுந்த வாய் இல்லம்மா. பல்லே முளைக்காத வாய். பச்சக் கொழந்தை ஈறு."

அவள் அச்சுக்காகக் கையை நீட்டினாள்.

"ஆனா இந்த அகலத்துக்குக் கொழந்தை ஏது?" அவர் அலமாரியிலிருந்து அச்செடுக்கும் தட்டுகளில் மிகப் பெரியதை எடுத்து வந்து ஒட்டிவைத்துப் பார்த்தார். தட்டு அந்த வளைவுக்குள் முழுதாக விழுந்தது. அவர் சிரித்தார். "யாரோ உன்ன வச்சு வெளாடறாங்க. நிஜமாவே ஆர்டர்னா சொல்லு, மாவை மூட்டையாத்தான் வாங்கணும்."

அவள் அச்சை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு எடுத்துக் காகிதத்தில் சுற்றி, மறுபடியும் போட்டாள். உள்ளங்கையில் அதன் வழுவழுப்பு மாலைவரை போகவில்லை.

பயிற்சியாளரிடம் சொன்னாள். வாய் என்று சொல்லத் துணிவு வரவில்லை; தடம் என்று சொன்னாள்.

"மேடம், நீங்க தூங்கறீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அவளுக்கு இருந்த பயத்த இப்ப நீங்க எடுத்துக்கறீங்க. நிறைய அம்மாக்களுக்கு இது நடக்கும். அவ இந்த வாரம் எத்தனை தடவை கூப்பிட்டா?"

யோசித்துப் பார்த்தாள். "கூப்பிடவே இல்லை."

"பாத்தீங்களா?" என்றது அந்தக் கனிவான குரல். "காலைல அவளை நல்லாப் பாராட்டுங்க. கூப்பிடாம இருந்ததுக்காகவே பாராட்டுங்க."

பாராட்டினாள். நேற்று அம்மாவைக் கூப்பிடவே இல்லை, எவ்வளவு பெரிய பெண், என்று சிரித்த முகத்தோடு, தொடாமல், பாராட்டினாள். மகள் பால் குவளையின் விளிம்புக்கு மேலாக அவளைப் பார்த்தாள். கன்னங்கள் செழித்திருந்தன, கண்ணடியில் இருந்த கருமை மறைந்திருந்தது. வகுப்பில் இப்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருகிறாள் என்று ஆசிரியை தனியே அழைத்துச் சொன்னார். கணவன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக் கூடத்தைச் சுற்றி வந்தான். வீட்டில் எல்லாரும் உறங்கினார்கள், அவளைத் தவிர.

நாற்காலி வாசற்படிக்கு வந்தது. திறந்த கதவின் நிலைக்குள் உட்கார்ந்து கூடத்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவு, பின்னால் யாரோ அவளுடைய வாக்கியத்தை முணுமுணுப்பதைக் கேட்டாள். அவளுடைய குரலேதான், ஆனால் குழைந்து, காற்றுக் கலந்து, சொல்லின் எலும்புகளை எடுத்துவிட்டதுபோல. பல்செட் பொருத்திப் பார்க்க வரும் முதியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்; 'த'வும் 'ந'வும் நாக்கு மோதப் பல் இல்லாமல் வழுக்கிப் போகும். மகள் தன்னைப் பழித்துக்காட்டுகிறாள் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். திரும்பவில்லை.

மறுநாள் காலை மகள் பல் துலக்கும்போது தாய் கண்ணாடியில் அவள் வாயைப் பார்த்தாள். கீழ்வரிசையில் சில நாள்களாக ஆடிக்கொண்டிருந்த முன்பல்லைக் காணவில்லை.

"பல்லு எங்க கண்ணு?"

"குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"அம்மாகிட்ட. கேட்டாங்க, குடுத்தேன்."

"என்கிட்டயா? எப்ப குடுத்த?"

மகள் நுரையைத் துப்பிவிட்டு, கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தாள். பிறந்தது முதல் தாயை நீ என்றே பேசி வந்த குழந்தை, வீட்டுக்கு வந்த யாரோ ஒரு பெண்மணியிடம் பேசுவதைப்போல மரியாதையாகச் சொன்னாள்:

"உங்ககிட்ட இல்ல."

அன்று பள்ளிச் சீருடை மாற்றும்போது தொடையின் நடுவில், பழைய தடங்களைவிட மேலே, புதிய தடம் இருந்தது. அதே அரைவட்டம். ஆனால் இம்முறை முன்பக்க வளைவின் நடுவில் ஒரு சிறு வெட்டு. நேரான, குட்டையான, அரிசி அகலமுள்ள ஒற்றை வெட்டு. அதன் அகலம் அவளுக்குத் தெரியும். அந்த விளிம்பில் இருந்த மிகச் சிறிய சாய்வும் தெரியும். மகளுக்கு முதன்முதலில் முளைத்த பல் அது. பால் குடிக்கையில் அவள் மார்பில் முதன்முதலாகப் பதிந்த பல். தொழிலில் ஆயிரம் பல் பார்த்தவளுக்கு அந்தப் பல் தவறாது.

கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

மாலைவரை அவள் ஒன்றை முடிவுசெய்திருந்தாள். இன்றிலிருந்து மகள் அவர்களோடு படுப்பாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் கணவன். தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. "இன்னைலருந்து கதவுக்கு வெளிய. கடைசிக் கட்டம்னு நீதான சொன்ன? அவ தூங்கறா. சாப்பிடறா. வாலு மறுபடி வாலாட்ட ஆரம்பிச்சிருக்கா. இப்ப போய் எல்லாத்தையும் கலைக்கணுமா?"

"கால்ல தடம் இருக்குங்க. நீங்களே பாருங்க."

"பாத்தேன். எலாஸ்டிக் இறுக்கம். புது பேன்ட் வாங்கு."

"அது வாய்ங்க."

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "ராத்திரி பகலா அந்தக் கூடத்துல வாயாப் பாத்துப் பாத்து..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டான். "சரி, அவளையே கேளு. அவ வர்றேன்னா கூட்டிட்டு வா."

மகள் ஏற்கெனவே படுத்திருந்தாள். போர்வை கழுத்துவரை இருந்தது.

"இன்னைக்கு அம்மாகூடப் படுத்துக்கறியா கண்ணு?"

"வேண்டாம்."

"ஏன்?"

"நீங்க வெளிய உக்காருங்க. கதவைச் சாத்திடுங்க." சொல்லும்போது அவள் தாயைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கத்தையும் பார்க்கவில்லை. கட்டிலின் தலைமாட்டை ஒட்டிய வெற்றிடத்தை, முதல் நாள் நாற்காலி இருந்த இடத்தை, பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் பயமில்ல."

போர்வையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அதற்காகத்தான் குனிந்தாள். மகளின் தலையிலிருந்து அந்த வாடை எழுந்து முகத்தில் அறைந்தது. புளிப்பும் இனிப்பும் வெதுவெதுப்பும். உடல் தானாகப் பின்வாங்கியது. ஓரடி. அவ்வளவுதான். மகள் அதைக் கவனித்துவிட்டு, அமைதியாகக் கண்களை மூடிக்கொண்டாள்.

கதவைச் சாத்தினாள். நாற்காலியைக் கதவுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

கூப்பிட்டால் போதும். ஒரே ஒருமுறை அம்மா என்று கூப்பிட்டால் போதும்; விதியையும் வாடையையும் மிதித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவாள். அதை மட்டும் அவள் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். வாரக்கணக்கில் எதைச் செய்யாதே என்று குழந்தைக்குக் கற்பித்தாளோ, அதற்காக இப்போது செவியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கூடத்தின் மறுகோடியில் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள். கணவனும் சிரித்தான். குளிர்பதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

கதவின் அந்தப் பக்கம் துணி உரசியது.

கை. முழங்கால். கை. முழங்கால்.

உறிஞ்சல். அதே தாளம். பிறகு உறிஞ்சலின் இடையே ஒரு புதிய ஓசை. சிறியது. கடினமானது. சோழிகளைக் கையில் வைத்து மெதுவாகக் குலுக்குவதைப்போல.



"அம்மா."

மகள். கூப்பிட்டுவிட்டாள். அவள் துள்ளி எழுந்தாள். நாற்காலி சரிந்தது. கை கதவின் பிடியைத் தொட்டது.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றது உள்ளே ஒரு குரல். "நீ தைரியமானவ. தூங்கு."

அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அவள் குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. குழைவும் இல்லை இப்போது. ஒவ்வொரு 'த'வும் பல்லில் பட்டுத் தெளிவாக ஒலித்தது.

கதவைத் திறந்தாள்.

கூடத்து வெளிச்சம் அவள் தோளைத் தாண்டி உள்ளே விழுந்தது. கட்டிலின் தலைமாட்டில், முதல் நாள் நாற்காலி இருந்த இடத்தில், நாற்காலி இல்லாமலே, ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்தது முதுகு. சற்றே கூனிய தோள்கள். பிடரியில் அவிழ்ந்து தொங்கும் கொண்டை. வலது பாதத்தின்மேல் இடது பாதம், அவள் உட்காருவதைப்போலவே, சரியாக அப்படியே. யாருடைய முதுகு அது என்று ஒரு நொடி அவளுக்கு விளங்கவில்லை. தன் முதுகைத் தானே பார்த்தவர் யாரும் இல்லை. மகள் பார்த்திருக்கிறாள். வாரக்கணக்கில் அதை மட்டுமே பார்த்திருக்கிறாள்.

ஆனால் இது கதவைப் பார்த்து உட்காரவில்லை. குழந்தையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

போர்வை காலடியில் கிடந்தது. மகளின் உடல் மார்புவரை ஈரத்தில் மினுங்கியது. தோல் முழுவதும் வெளுத்து, வரிவரியாக ஊறியிருந்தது. முகம் மட்டும் உலர்ந்து, அமைதியாக, தூக்கக் கலக்கத்தோடு வாசலைப் பார்த்தது. பார்த்து, பயந்தது. கை நீண்டு, தன் அருகிலிருந்ததன் முழங்கையைப் பற்றிக்கொண்டது.

"அம்மா" என்றாள் மகள், அதனிடம். திறந்த வாய்க்குள் மேலும் கீழும் ஒன்றுமில்லை. காலையில் துலக்கிய பற்களில் ஒன்றுகூட இல்லை. வழுவழுப்பான, இரத்தமில்லாத, நக்கித் துடைத்த ஈறு மட்டும். சொற்கள் அதில் வழுக்கி வந்தன. "அம்மா, கதவுகிட்ட யாரோ நிக்கறாங்க."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றது அது, திரும்பாமல், ஒரே குரலில். "நீ தைரியமானவ. தூங்கு."

மகள் கண்களை மூடினாள்.

பிறகு அந்த முதுகு மெல்ல அசைந்து, பயிற்சி பெற்ற எந்தத் தாயும் செய்யக்கூடாததைச் செய்தது. திரும்பிப் பார்த்தது. காதிலிருந்து காதுவரை விரிந்த, இளஞ்சிவப்பான, கொழுத்த ஈறு. அதில் விரற்கடை இடைவெளி விட்டுவிட்டு, எச்சில் சொட்டச் சொட்ட, அரிசி அரிசியாகப் பதிந்திருந்தன அவள் மகளின் பால்பற்கள்.